முருகேஸ்வரி கேட்ட மூன்றாவது பிரதி

முருகேஸ்வரியைக் கொன்றது மலைப்பாதை வளைவல்ல. எட்டுப் பேர் ஏறும் ஜீப்பில் பதினெட்டுப் பேரைத் திணித்த ஏலக்காய்த் தோட்டம். கம்பத்தில் என் கம்ப்யூட்டர் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் தங்கை போனில் சொன்னாள்: "அண்ணே, ஜீப்பு கவுந்துருச்சு. அக்கா போயிருச்சுண்ணே."

அவளோடு தினமும் தோட்ட வேலைக்கு மலையேறிய உங்களுக்குத் தெரியும். ஜீப் கிளம்புமுன் கைபேசியை நீட்டி வீடியோ எடுத்தபடி, ஒவ்வொருவரையும் பெயரும் தோட்டமும் சொல்லவைப்பாள். கடைசியில் தன்னுடையதைச் சொல்வாள். யாராவது செத்தால் எங்கள் ஆளே இல்லை என்று தோட்டம் கைவிரிக்கும். அந்தப் பொய்க்கு எதிராக நமக்கிருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுகள். கைபேசியிலிருந்து அவை அவள் வீட்டிலிருந்த சர்வர் பெட்டிக்குத் தாமே போய், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளிலும் ஒன்றுபோல் சேரும். அதை அமைத்துக் கொடுத்தது நான்.

போன வருடம் இடம் நிரம்பியது. ஒரு டிஸ்க் கரகரத்தது. இரண்டையும் மாற்றிப் பெரியதாகப் போடலாம் என்றேன். முதலில் தனியே மூன்றாவது பிரதி எடு என்றாள்.

"அதான் ரெண்டுலயும் இருக்கே."

"ஏலே, ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதான இருக்கு? ஒரு இடி விழுந்தா?"

எடுத்துக் கொடுத்தேன். அதில் பத்துப் பதிவுகளைக் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டபிறகே வடுகபட்டியில் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள்.

கரகரப்பது இடதுபக்க டிஸ்க் என்று, வயர் செருகும் பின்பக்கம் நின்று குறித்திருந்தேன். முன்பக்கம் வந்து இடதைக் கழற்றினேன். அது நல்ல டிஸ்க். கெட்டதென்று நினைத்து உடனே அழித்தும் விட்டேன். புதியதில் பாதி ஏறுவதற்குள் கரகரத்தது செத்துப்போனது.

"இடம் வலம் தெரியாத பயகிட்டயா இத்தன பொம்பளைகள ஒப்படைச்சேன்?" என்று சிரித்தாள். சிரித்தபடியே வடுகபட்டிக்குப் பஸ் ஏறினாள். பிரதியோடு திரும்பி வந்து, டிஸ்க்குகளின் நம்பரைப் பிளாஸ்திரியில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். "புதுசுல ஓடுறதக் காதால கேக்காம பழசத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மிரட்டலும், விபத்தன்று காலை அவள் எடுத்த பதிவும். அது இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

கருமாதிக்குத் தோட்டத்துச் சூப்பர்வைசர் வந்தார். "அந்தப் புள்ள எங்க ஆளே இல்ல தம்பி. ஏதோ வீடியோ வச்சிருக்கீகளாம்ல? குடுத்துருங்க, பேசி முடிச்சுக்கலாம்."

பந்தலிலேயே ஓடவிட்டேன். தன் பெயரையும் அவர்கள் தோட்டத்தின் பெயரையும் முருகேஸ்வரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அன்னைய வருகைப் பதிவேட்ட எடுத்துட்டு வாங்க. இவ பேர அதுலருந்து யாரு நீக்குனாகன்னு இங்கன, இவ ஆத்தா முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.