ரிப்பேர் என்று சொல்லப் பயந்தது

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட என் சைக்கிள் திருத்தும் கொட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புது ஆட்களைக் கண்டால் சைக்கிள் சில்லுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன்.

ஒரு காலை வெள்ளைக்காரப் பெண் ஒருவர் சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். முன்சில்லு குழியில் விழுந்து அப்பளம் போல நெளிந்திருந்தது. போனில் இலங்கைப் படத்தைக் காட்டினார். கொழும்பில் விரலை வைத்து, யாழ்ப்பாணம் வரை ஏற்றி, கிழக்குக் கரையால் இறக்கி, மட்டக்களப்பில் நிறுத்தினார்.

"ஃபினிஷ்?"

அவ்வளவு தூரமும் மிதித்தே வந்திருக்கிறார். மிச்சத் தூரம் என் பதிலில் இருந்தது.

'ரிப்பேர்' என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். எங்கள் பேச்சில் சைக்கிள் ரிப்பேர் என்றால் அது பழுதாகிக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். பழுதென்று அவருக்கே தெரியும். திருத்தலாம் என்றல்லவா சொல்ல வேண்டும்? நாங்கள் பள்ளிக்கூடக் கொப்பியையும் திருத்துகிறோம், வேலியையும் திருத்துகிறோம், சைக்கிளையும் திருத்துகிறோம். வாத்தியாரின் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

"கரெக்ட்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அவர் போகாதபடி ஹேண்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறவள்.

"ஐயோ அப்பா! முடிஞ்சுதா எண்டு கேட்ட மனிசிக்கு, ஓம், முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டீங்களே!"

"அப்ப என்னண்டு சொல்ற?"

"ஐ வில் ரிப்பேர் இட்."

"ரிப்பேர் எண்டாப் பழுதுதானே?"

"அது எங்கட ஆக்கள் சொல்ற கதை. இங்கிலீசில பழுதைச் சரியாக்கிறதுதான் ரிப்பேர். கரெக்ட் பண்றது கொப்பியில இரிக்கிற பிழையை. போனை அவவிட்டக் குடுங்க, நான் சொல்றன்."

"வேணாம் புள்ள. நானே சொல்றன்."

"ஆரு, எங்கட அப்பாவா கதைக்கிற?"

நோயின் பெயரென்று இத்தனை காலம் சொல்லிவந்தது மருந்தின் பெயராம். போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிறகு, நிலத்தைப் பார்த்தபடி, அவள் சொல்லித் தந்ததைச் சொன்னேன்.

அவர் கொட்டில் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன், இறுக்கினேன், சுற்றிப் பார்த்தேன். றிம் ஒருமுறை இந்தப் பக்கத்துப் பிரேக் கட்டையில் உரசியது, மறுமுறை அந்தப் பக்கத்தில். வெயில் உச்சிக்கு வந்தபோது எதிலும் படாமல் ஓடியது. சுற்றுகிறதா, நிற்கிறதா என்று தெரியாத மாதிரி ஒரு ஓட்டம். தினமும் பார்க்கிற காரியம்தான். அன்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார். மட்டக்களப்பில் நின்ற விரலைத் தெற்கே இறக்கி, கரையைச் சுற்றி, கொழும்பில் கொண்டுபோய் வைத்தார்.

"கரெக்ட்?" என்று கேட்டார்.

"கரெக்ட்" என்றேன்.