எட்டாயிரம் எழுத்துக்குள் ஒரு குடித்தனம்

திருவொற்றியூர் குழாய் ஆலையில் ஆலிஸைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. மூன்று பீரோ அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர், குளிரூட்டிய அறை, அதற்குள் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

"இன்னாக்கா, ஊட்டிக்கா?" என்பான் கேட்டில் நிற்கும் ரஷீது, அவள் கையில் மடித்திருக்கும் ஸ்வெட்டரைப் பார்த்து.

"ஆமாண்டா, வர்றியா?"

"நானு வந்தா உன் பொட்டி என் வேலயத் துன்னுடும்."

அந்தப் பெட்டிக்கு யார் வேலையையும் தின்னும் தெம்பு இல்லை. வெளிநாட்டில் பத்து வருஷம் உழைத்து ஓய்ந்தபின் கப்பலேறி வந்தது. அதன் நினைவில் எட்டாயிரம் எழுத்துதான் கொள்ளும். அதை வைத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு பேருக்கு வாராவாரம் ஷிப்ட் பட்டியல் போட்டது. பத்தொன்பது வயதில், கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளை போடும் வேலைக்கு வந்த ஆலிஸ், துளைத்த அட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். ஏதோ ஊரை வானத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். அந்த ஊருக்கு வழி தெரிந்தே ஆகவேண்டுமென்று, ராயபுரத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே கையேட்டைப் படித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள்.

எழுபத்துமூன்று ஆடியில், பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து என்ஜினீயர் வரதன் ஒரு டேப்போடு வந்தார். புதிய ஆபரேட்டிங் சிஸ்டம். எல்லா ஆலைகளிலும் இனி இதுதான் ஓட வேண்டும். டேப்பை மாட்டினார். பாதி ஏறியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பன்னிரண்டாயிரம் எழுத்துக்கு இடம் வேண்டும்.

"மிஸஸ் லூயிஸ், இது சின்ன வீடு. இந்தக் குடித்தனம் இதுல அடங்காது" என்றார். "சனிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா மெஷினை எடைக்குப் போட்டுட வேண்டியதுதான். பட்டியல் பம்பாயிலேர்ந்தே வந்துடும்."

"அப்ப நானு சார்?"

"டைப்பிங் செக்‌ஷன்ல இடம் இருக்கு."

அந்தச் செக்‌ஷன் அவளுக்குத் தெரியும். யாரோ எழுதியதை யாருக்கோ அடித்துக் கொடுப்பது. இங்கே அவள் எழுதியதை ஓர் இயந்திரம் எழுந்து நின்று செய்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, தன்னிடமிருந்து எதைக் கழற்றி எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் லூயிஸ் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வந்தான். ரயில்வே பட்டறையில் பகல் வேலை பார்க்கும் கொழுந்தன் சிலுவைமுத்து இன்னும் எழவில்லை. அந்த ஒற்றை அறையில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம்.

"எந்திரி சிலுவ, உங்கண்ணன் வந்துட்டாரு."

"அஞ்சே நிமிசம் அண்ணி..."

"எந்திரிடா டேய்! பாயி சூடு ஆறங்காட்டியும் நானு பட்க்கணும்" என்றான் லூயிஸ்.

ஒருவன் எழுந்தான், ஒருவன் அதே பள்ளத்தில் சரிந்தான். ஆலிஸ் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படுப்பதில்லை.

புதிய சிஸ்டத்தில் பெயர்களை வரிசைப்படுத்தும் பகுதியும் அச்சடிக்கும் பகுதியும் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. பிறகு ஏன் இரண்டுக்கும் தனித்தனி இடம்? ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது டேப்பில் கிடக்கட்டும். பழைய அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

"ஒரே எடத்துல மாத்தி மாத்தியா?" ஆலையில் வரதன் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய மெஷின்கள்ல இப்படிப் பண்றதுண்டு. இந்தக் கிழத்துல யாரு பண்ணுவா?"

"நானு பண்றேன் சார்."

அன்று மாலை முதல் சோதனை. வரிசைப்படுத்தும் பகுதி வந்து வேலையை முடித்தது. அதோடு சரி. விளக்குகள் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. அடுத்ததைக் கூப்பிட உள்ளே ஆளில்லை. ஆலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுப்பிவிட ஒருத்தி முழித்திருக்க வேண்டாமா?

எழுப்புவதே வேலையாக, எப்போதும் உள்ளேயே இருக்கும் அறுநூறு எழுத்தில் ஒரு சின்னப் பகுதி எழுதினாள். அதற்கு இடம் வேண்டி, பிழை வந்தால் விளக்கம் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டாள். பிழையின் எண் வந்தால் போதும். விளக்கம் அவளுக்கே மனப்பாடம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வரிசைப்படுத்தி முடிந்தது. டேப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. இயந்திரம் ஓய்ந்தது.

"நின்னுடுத்தா?"

"இல்ல சார். ஆளு மாறுது."

வரதன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது வினாடி. பிரிண்டர் தடதடவென்று பிடித்துக்கொண்டது. பெயர்கள் இறங்கின: துரை, முதல் ஷிப்ட். தமீம், இரண்டாம் ஷிப்ட். ஒருமுறையல்ல, ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த நாற்பது வினாடி நின்று நின்று, பட்டியல் முடிய நாலரை மணியாயிற்று.

"ரொம்ப மெதுவா இருக்கு, மிஸஸ் லூயிஸ்."

"ஓடுது சார்."

அவர் பட்டியலைக் கிழித்து மடித்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: 'இயந்திரம் இங்கேயே இருக்கலாம்.'

அது இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. டேப் சுற்றும் அந்த நாற்பது வினாடியில் ஆலிஸுக்குச் செய்ய எதுவுமில்லை. கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணாடி வழியே பார்த்தவர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தார்கள். இல்லை. அந்தச் சுற்றும் ஓசையில், அலையைத் தாண்டிய கட்டுமரம் துடுப்பை நிறுத்தினால் எப்படி ஆடுமோ அப்படி ஆடிக்கொண்டிருப்பாள். யாருடைய கரையும் தெரியாது. பிரிண்டர் கூப்பிடும்வரை திரும்பவேண்டிய அவசியமும் கிடையாது.