பல்லவர் கப்பலுக்குப் பதிவு எண்

மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடும். அதனால்தான் தலைமையாசிரியையிடம் போய், வராந்தாச் சுவரில் பல்லவர் துறைமுகத்தைப் பிள்ளைகளே வரையட்டும் என்று கேட்டேன்.

“வரையட்டும் சார். ஆனா வெள்ளிக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வராரு. அவர் முகம் சுளிச்சார்னா சுண்ணாம்பு அடிச்சுட்டுப் பழையபடி கேள்வி பதில்தான்.”

“ஆகட்டும் மேடம்” என்றேன், பல்லவ ராஜாவே கூப்பிட்டு வேலை கொடுத்த சிற்பி மாதிரி.

பாதிப் பிள்ளைகள் மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து வரைந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் யானை, குடை பிடித்த வணிகர், பாய் விரித்த கப்பல் எல்லாம் பிரமாதம். ஆனால் கப்பலின் மூக்கில், வெள்ளையில், கொட்டை எழுத்தில் ஒரு பதிவு எண்.

“என்னம்மா இது?”

“நம்பரு சார்” என்றாள் கப்பலை வரைந்தவள், பெருமையாக.

“பல்லவர் கப்பலுக்கு எதுக்கு நம்பர்?”

“இன்னா சார் இப்டி கேக்குறீங்க? நம்பரு இல்லாம கடலுக்குப் போனா கோஸ்ட் கார்டு புடிச்சிகினு பூடுவான். எங்கப்பா போட்டுல கூட கீது.”

கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன். கடலிலேயே ஊறிக் கிடக்கிற பெயிண்ட். என் கைக்குட்டைத் தண்ணீருக்கா பயப்படும்? வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசிக்கும்போதே வாசலில் ஜீப் சத்தம். எண்ணின் மேல் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டி, கல்யாண ஆல்பத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டேன்.

அதிகாரி யானையை ரசித்தார், வணிகரை ரசித்தார், என்னிடம் வந்து நின்றார்.

“கொஞ்சம் நகருங்களேன் சார்.”

“பரவால்ல சார், இங்கயே வசதியா இருக்கு.”

“சார்!” என்றார் தலைமையாசிரியை. நகர்ந்தேன்.

அதிகாரி குனிந்து படித்தார். “பல்லவர் காலத்துல இது இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கப்பலை வரைந்தவள் முந்திக்கொண்டாள். “இல்லன்னா அத்தினி கப்பல்ல எது யார்துன்னு ராஜா ஆளுங்க எப்டி சார் கண்டுபுடிப்பாங்க? யாராண்ட வரி கேப்பாங்க?”

“கொடி இருக்கும்ல? நந்திக் கொடி” என்றான், அப்பா சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்.

“எல்லாத்துலயும் அதே மாடுதான்டா கீது, லூசு!”

அதிகாரி சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, யோசித்தார். “அதானே. எப்படி சார்?”

“தெரியலை சார்” என்றேன்.

பிள்ளைகள் விடவில்லை. பாயில் குறி இருந்திருக்கும் என்றது ஒன்று. அதெல்லாம் வேண்டாம், எங்கம்மா கரையில் நின்றே எங்கள் படகைச் சொல்லிவிடும் என்றது இன்னொன்று. அதிகாரி அடுத்த வகுப்புக்குப் போக மறந்து நின்று கேட்டார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் தலைமையாசிரியை திரும்பி வந்தார்.

“சுண்ணாம்பு எப்ப மேடம்?”

“எதுக்கு? பாய்லதான் குறி இருந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே ஜீப்ல ஏறினாரு. நம்பர் பக்கத்துல பெரிசா ஒரு கேள்விக்குறி மட்டும் போடச் சொன்னாரு. ஏழாவதுக்குச் சோழர் இருக்காங்கல்ல? சைக்கிள் ஸ்டாண்டு சுவரையும் எடுத்துக்கோங்க.”

பூரிப்போடு தலையாட்டிவிட்டு வகுப்புக்கு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது: சோழர்களிடம் இருந்தது ஒரு கப்பலா, ஒரு கடற்படையே அல்லவா! எத்தனை நம்பர், எத்தனை கேள்விக்குறி!