நண்டு நடையில் ஒரு கோலாட்டம்

ஆஸ்திரேலியாவின் மல்கிரேவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ரோடு கடத்திவிடுவதுதான் சந்திரவதனாவின் வேலை. ஒன்பது வருஷம். மஞ்சள் சட்டையோடு அவள் இறங்கினால் லொறி என்ன, பஸ் என்ன, எல்லாம் நிற்கும். அப்படிப்பட்டவள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, ஆஸ்திரேலியா நாள் ஊர்வலத்தில் எங்கள் பெண்கள் கோலாட்டம் ஆடியே தீருவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

"பொம்பிளையள் கொடியைப் பிடிச்சுக்கொண்டு நடந்தாக் காணும். ஆடப்போய்ச் சனம் சிரிக்கப்போகுது," என்றார் தலைவர் சிறிதரன்.

"சிரிச்சா நான் பொறுப்பு."

சொன்னால் சொன்னதுதான். இரண்டு மாதம் மண்டபத்தில் பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்று பழகினார்கள். ஒரு பிசகில்லை. ஊர்வலம் என்றால் நகர வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

அன்று காலை, கடற்கரை வீதியில் ஆட்களை வரிசைப்படுத்திய வெள்ளைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிற்கவே கூடாதாம். முன்னால் போகும் பாண்ட் வாத்தியக்காரருக்கும் இவர்களுக்கும் இடைவெளி விழுந்தால் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாராம்.

"வட்டம் எப்படிங்க நடக்கும்?" மதுரைக்காரி வைதேகிக்கு வியர்த்துவிட்டது.

"அன்ரி, சும்மா வோக் பண்ணுவம், ப்ளீஸ்," என்றாள் ராகவி. கிளேட்டனில் படிக்கிற பெண், கூட்டத்திலேயே இளையவள்.

சிறிதரன் கொடியோடு பக்கத்தில் வந்து நின்றார். சனம் சிரிக்கப்போகுது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

சந்திரவதனா பெண்களைப் பார்த்தாள், வீதியைப் பார்த்தாள். வட்டமாக நிற்கிற பிள்ளைகளை அவள் எந்த நாளிலாவது ரோடு கடத்தியிருக்கிறாளா? சோடி சோடியாகத்தானே கடத்துவாள்!

"சோடி சேருங்கோ! ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். ஆளையாள் பாத்து நில்லுங்கோ. பக்கவாட்டிலை நடக்கிறம்."

"நண்டு மாதிரியாக்கா?" என்றாள் வைதேகி.

"ஓம், நண்டுதான். கடற்கரையிலை வேறென்ன நடக்கும்?"

கழுத்தில் கிடந்த விசிலை ஊதினாள். நாலாவது அடியில் ராகவியின் கோல் வைதேகியின் விரலில் விழுந்தது. "ஐயோ!" "சொறி அக்கா!" ஐந்தாவது அடியிலிருந்து கோலும் காலும் ஒன்றாயின. பாண்ட் வாத்தியக்காரரின் முதுகை விட்டுப் பத்தடிகூட அவர்கள் பின்தங்கவில்லை. ஓரத்தில் நின்ற சனம் கைதட்டித் தாளம் போட்டது. சிரிக்கவும் செய்தது, மகிழ்ந்து சிரித்தது.

வீதி முடிவில் சிறிதரன் ஓடி வந்தார். "நான் அப்பவே சொன்னன், கோலாட்டம் நல்லா எடுபடுமெண்டு."

"ஓம், சொன்னனீங்கள்," என்ற சந்திரவதனா, இருபத்துநாலு கோலையும் அவர் கையில் அடுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.