கடன் அவனுடையது, கழுத்து என்னுடையது

ஜப்பான்காரன் காலத்தில், மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் நான் கழற்றாமல் வைத்திருந்த தாலியில் தங்கம் கிடையாது. தங்கத்தை விற்று அரிசி வாங்கியாகிவிட்டது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டியிருந்தேன். கஷ்ட காலத்தில் பெண்கள் செய்வதுதான். ஆனால் கட்டியவனே விட்டுப் போன பிறகும் அதை ஏன் போட்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அன்றைக்கும் ஒருவர் கேட்டார்.

அவனை 'அவர்' என்று எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லாரியை ஜப்பான்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். வேலை போனது, கூடவே புத்தியும் போனது. குருபோங் கிராமத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, மரவள்ளி நடப்போகிறேன் என்று கிளம்பினான். சும்மா போகவில்லை. கோயிலில் நாலு பேர் முன்னால், "இனிமே அவ வேற, நான் வேற" என்று சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் போனான். சனியன் தொலைந்தது என்று நானும் தலைமுழுகினேன்.

தாலியை மட்டும் கழற்றவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிக் குடும்பத்தவர். தமிழ் வராது, மலாய்தான். "ஜாங்ஙான் புக்கா!" கழற்றாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சிப்பாய்கள் கல்யாணமாகாத பெண்களைத்தான் தேடுகிறார்கள் என்று தெருவே நம்பியது. ஜப்பான்காரனுக்குத் தாலிக்கும் தாம்புக் கயிற்றுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, பூட்ஸ் சத்தம் கேட்டால் கயிற்றை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அந்தக் கயிறே வம்பானது. ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவன் அவரிடம் அரிசி, எண்ணெய், சீனி எல்லாம் கடனாக வாங்கிக் குருபோங்குக்குக் கொண்டுபோயிருக்கிறான். அதில் ஒரு பருக்கை என் அடுப்பில் வேகவில்லை.

"அவரு நாலு பேர் முன்னாடி தீத்துட்டுப் போனவரு பாய். அவரு கடனுக்கு நான் என்னா செய்றது?"

"அவன் கட்டுன தாலி இன்னும் கழுத்துல கெடக்குதேம்மா. பொண்டாட்டி இல்லன்னா அத ஏன் போட்டிருக்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மதிப்பில்லாத ஜப்பான் நோட்டு வேண்டாம், அவன் வந்து கணக்கை முடிக்காவிட்டால் தையல் மிஷினை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின், என் அம்மா வளையலை விற்று வாங்கித் தந்தது. சாக்குத் துணியில் சட்டையும் சிலுவார் என்கிற கால்சட்டையும் தைத்துத்தான் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது போனால் என் கதி? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தைக்க உட்கார்ந்தால் ஊசி உடைந்தது. எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில், அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து பாய் முன்னால் நிறுத்துவது என்று குருபோங்குக்கே நடந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். காவலுக்கு நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைத்தபோதும் வாய்க்குள் அவனைத்தான் திட்டினேன்.

அவன் அங்கே இல்லை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது அவனையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். சொன்னவள் அந்தப் பெண்தான். நிறைமாத வயிற்றோடு மரவள்ளிப் பாத்தியில் தனியாக நின்றாள். என்னைவிட மிகவும் சின்னவள். சேர்த்துவைத்த திட்டெல்லாம் வீணாய்ப் போனது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரு எனக்குக் கட்டவே இல்ல. நாளைக்கு நாளைக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. இங்கயும் அவனுங்க வர்றானுங்க. பயமா இருக்குக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனைத்தான் எடுத்துக்கொண்டாள், தாலிக்கும் என்னிடமே வந்து நிற்கிறாளே! ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வேலியோரம் மஞ்சள் செடி இருந்தது. ஒரு கிழங்கைப் பிடுங்கி, சாக்கு நூலில் தேய்த்து நிறமேற்றி, துண்டைக் கோத்து, நானே அவள் கழுத்தில் முடிச்சுப் போட்டேன்.

"சிப்பாய் வந்தா வெளிய எடுத்துப் போடு. கடைக்காரப் பாய் வந்தா உள்ள தள்ளிக்கோ," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

சொன்னபடி பாய் கைவண்டியோடும் கடைப் பையனோடும் வந்தார். சயாம் சேதியைச் சொன்னேன். உச்சுக்கொட்டினார். தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"குருபோங்ல ஒருத்தி இருக்காளாமே. சாமானத் தின்னது அவளாத்தான் இருக்கும். அவளுக்குத் தாலி கட்டியிருக்கானா? கட்டியிருந்தா நான் அங்க போயிக் கேட்டுக்கிறேன். மரவள்ளிக் கெழங்கு வெட்டுற பருவமாத்தான் இருக்குன்னாங்க."

ஒரு 'ஆமாம்' போதும், மிஷின் என்னோடு இருக்கும். நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அந்தக் கிழங்கை வண்டியில் ஏற்றிவிட்டால் அவளும் பிறக்கப்போகிற பிள்ளையும் மண்ணைத்தான் தின்ன வேண்டும். அவள்மேல் இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். அவளை நினைத்தாலே அப்போதும் எனக்கு எரிந்தது.

"இல்ல பாய். அவரு எனக்கு மட்டுந்தான் கட்டுனாரு," என்றேன். அது பொய்யும் இல்லை.

மிஷினை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். பாதி தைத்த சிலுவார் தரையில் கிடந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு கையால் தைக்க ஆரம்பித்தேன்.