வேலிக்கு அப்பால் போன பந்து

நான் டென்னிஸ் பழகியது ஒரு மலைச்சரிவில். றக்வானப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேலே தொரைமாருக்கென்று ஒரு கிளப் உண்டு. அப்பா அங்கே சமையல். யாரும் விளையாட வராத நாட்களில் கோர்ட் எனக்குத்தான். மூன்று பக்கமும் தேயிலை, நான்காவது பக்கம் பள்ளம். சுற்றுக் கம்பிவலை துருப்பிடித்து ஓட்டையாகக் கிடந்ததால், கொஞ்சம் வேகமாக அடித்தாலே பந்து தேயிலைக்குள் ஓடிவிடும்.

அதைத் தேடி எடுப்பது அம்மாவும் அவரோடு கொழுந்து பறிக்கிற பெண்களும். சாயங்காலம் மடுவக் கொட்டகையில் கொழுந்தைக் கொட்டி நிறுக்கும்போது இலையோடு பந்தும் உருண்டு வரும். "இதையும் சேத்து நிறுக்கணுமா?" என்று கணக்கப்பிள்ளை கத்துவார். அம்மா சிரித்துக்கொண்டே பந்தைத் துடைத்து மடியில் கட்டிக்கொள்வார். அம்மாவுக்கு டென்னிஸ் என்றால் அவ்வளவுதான். மகள் அடிப்பாள், பந்து காணாமல் போகும், போய்த் தேட வேண்டும்.

பிறகு இரத்தினபுரியில் ஒரு பாடசாலை, கொழும்பில் ஒரு விடுதி என்று நான் தோட்டத்தை விட்டு விலகிப் போனேன். தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது முதல் சுற்றில் தோற்று, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற தொழில். கொழும்பில் தோற்றேன், இந்தியாவுக்குப் போயும் தோற்றேன். எனக்குக் கோபம் வேறு மூக்கு நுனியில். ஒரு தடவை ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தேன். கையில் நல்ல ராக்கெட் ஒன்றே ஒன்று இருக்கிறவர்கள் செய்யக் கூடாத வேலை அது.

கடைசியில் அலுத்துப்போய் அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"கொழும்புல ஒரு போட்டி இருக்கும்மா. இதுலயும் மொத ரவுண்டுல தோத்தா விட்டுடறேன். ஒரு கிளப்புல சின்னப் புள்ளைங்களுக்குப் பழக்குற வேலை தாறதா சொல்றாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவையாச்சும் வந்து பாருங்க."

"லீவு கேக்கணுமே, பாப்பா."

"கேளுங்க."

வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, கையில் ஒரு குடை. சித்தி வீட்டில் தங்கிக்கொண்டோம். மறுநாள் காலை கோர்ட் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடித்தாலும் எதிராளி அடித்தாலும் ஒரே மாதிரிக் கைதட்டினார். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. ஆளுக்கு ஒரு செட் ஆகி, மூன்றாவது இழுத்துக்கொண்டே போனது. அம்மா கைதட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற இடத்தில் எதிராளி அடித்த பந்து என் ராக்கெட் விளிம்பில் பட்டு, வேலியைத் தாண்டிச் செடிகளுக்குள் போய் விழுந்தது. விளையாட வேறு பந்துகள் இருந்தன. ஆனால் அம்மா எழுந்துவிட்டார். மைதானத்துப் பையன் ஓடிவந்து, "ஓன நே அம்மே, அப்பி கன்னங்," என்றான் சிங்களத்தில். வேண்டாம், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்கிறான். "மங் கேன்னங் புத்தே," நானே கொண்டுவருகிறேன் மகனே, என்று அம்மா நடந்தேவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அடுத்த புள்ளியில் நான் ஜெயித்தேன். உலகத் தரவரிசையில் என் பேர் ஏறப் போகிற முதல் வெற்றி. இரண்டு கையையும் தூக்கியபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. கைகுலுக்கி, பையைக் கட்டி முடித்த பிறகுதான் பந்தோடு வந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

சித்தி வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வெடித்துவிட்டேன். "எத்தன வருஷம்மா இதுக்காகக் கெடந்தேன்! ஜெயிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா நீங்க இல்ல. ஒரு பந்துக்காகப் போயிட்டீங்க."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பந்து போன ஒடனேயே கெடைச்சிருச்சு, பாப்பா. அத வச்சிக்கிட்டு செடிக்குப் பின்னாலயே நின்னேன். நீ தோத்துட்டா வேலைக்குப் போயிருவேன்னு சொன்னியே. அத என்னால பாக்க முடியல. கைதட்டுற சத்தம் வந்துச்சு. ஒனக்கா அந்தப் புள்ளைக்கான்னு தெரியல. காலு வரல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை படிந்த அந்த விரல்களுக்குள் பந்து இன்னும் இருந்தது.

மறுநாள் எதிராளி பெரிய ஆட்டக்காரி. என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். நடுவில் ஒரு பந்து மறுபடியும் வேலியைத் தாண்டிப் போனது. மைதானத்துப் பையன் அம்மாவைப் பார்த்து இளித்தான். அம்மா அசையவில்லை. கடைசிப் பந்து வரைக்கும் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோற்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்கு நான் போகவில்லை. இன்றைக்கும் விளையாடுகிறேன், இன்றைக்கும் நிறையத் தோற்கிறேன். அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது அம்மாவைச் சீண்டினேன்.

"இன்னைக்கு மட்டும் பந்து தேடப் போகலியே, ஏன்?"

"போயிருந்தா," என்றார் அம்மா, "நீ திரும்பிப் பாக்கறப்ப நான் இருக்க மாட்டேனே."