பெரிய அத்தைக்கு மூன்று மதிப்பெண்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் என்னைப் பற்றியே புலம்பத் தொடங்கிவிடுவேன். அதில் அவள் பெருமை அடிபட்டுப் போகக் கூடாது.

முதல் வகுப்பில் நான்கு மாதம் மட்டுமே உட்கார்ந்தவள், பட்டம் வாங்கியவர்கள் உட்காரும் தேயிலைச் சுவை மேசையில் நாற்காலி பெற்றாள். தேயிலைக் கலவைத் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்தது தரை பெருக்க. ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, வந்திறங்கிய நாற்பது மூட்டைகளில் சோப்பு வாடை அடிக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விசாரித்தால், அதே லாரி முந்தின நடையில் சோப்புக் கட்டி ஏற்றிப் போயிருந்தது. பிறகு அவளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். இருபத்து நான்கு கிண்ணங்கள். இருபத்து மூன்றைச் சரியாகச் சொன்னாள். மீதி ஒன்றும் சரிதான் என்று மறுநாள் தெரிந்தது. கிண்ணங்களை அடுக்கியவர் சீட்டை மாற்றி வைத்திருந்தார். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க அவளுக்கு ‘மூக்கி’ என்று பெயர். அவளும் அதைப் பட்டம் போலவே ஏற்றுக்கொண்டாள்.

கடைசியாக, தன் பெயரைத் தானே எழுதக் கற்றாள். எனக்கு அதில் பங்கு இல்லை. அந்தக் கதைதான் இது.

எங்கள் அம்மா இடுப்பு முறிந்து படுத்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. அப்பா சரக்கு ஏற்றும் வேலைக்குப் போக வேண்டும். ஒரு காலை அப்பா எங்கள் இருவரையும் பார்த்து, “யாராவது ஒருத்தர் அம்மாகூட இருங்க” என்றார். பெயர் சொல்லவில்லை. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அவள் வீட்டில் இருந்தாள். பால் திரியப் போவதை அரை மணி நேரம் முன்பே மோந்து சொல்வாள். அம்மாவின் மருந்துப் புட்டிகளை, மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாததால், வாசனையை வைத்தே பிரித்தெடுப்பாள். அந்த மூக்கு அப்படி வளர்ந்ததுதான்.

அவளைச் சுவை மேசையில் உட்கார வைத்தபோது ஒரு சிக்கல் வந்தது. சுவைப்பவர் தாமே தாளில் மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாது. நான் அதே தொழிற்சாலைக் கிடங்கில் மூட்டைகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். “என் அண்ணன் எழுதட்டும். கோடு போட்டா கோணாது” என்று அவள்தான் மேலாளரிடம் கேட்டு என்னை மேலே வரவழைத்தாள். ஆறு வருடம் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதால் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். அவள் சொல்லச் சொல்லச் சீட்டில் கிறுக்கிக்கொள்வேன். மாலை நாலரைக்கு அதைப் பார்த்து நல்ல தாளில் அழகாக எழுதி, ‘சுவைத்தவர் கையொப்பம்’ என்ற கட்டத்தில் ‘தங்கைக்காக’ என்று எழுதி என் கையெழுத்தைப் போடுவேன்.

போன வருடம் ஒரு புது யோசனை வந்தது. ஏழு மணித் தொலைக்காட்சித் தொடரை வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் ஆட்களின் குணத்துக்குப் பொருத்தமாக ஆறு வாசனைத் தேநீர்கள் செய்து, அட்டைப் பெட்டியில் அவர்கள் முகத்தை அச்சிட்டு விற்பது என்று முடிவானது. தங்கை அந்தத் தொடரை ஒரு நாள் விட்டதில்லை. நானும்தான்.

மேசை மேல் வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம் ஊறிய தேநீர். அவள் கரண்டியில் எடுத்து உர்ரென்று உறிஞ்சுவாள். வாய்க்குள் சுழற்றுவாள். தொட்டியில் துப்புவாள். அப்புறம்தான் பேச்சு.

“இது யாருக்கு?” என்று கேட்டாள்.

“வக்கீல் மாமாவுக்கு. எலுமிச்சைத் தோல், மிளகு” என்றார் மேலாளர். பேச்சில் கறாரான அம்மாள். ஆனால் தங்கை சுவைக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மாணவி போல நிற்பார்.

“மிளகு பத்தாது மேடம். அந்த ஆள் வாயத் தொறந்தா எதிராளி தும்மணும். இது வக்கீல் மாமா இல்ல, அவரோட குமாஸ்தா.”

“சரி, இது? சின்ன மருமக.”

உர்ர். துப்பு. “ஆகா. மொதல்ல ரோஜா, முழுங்கினப்புறம் தொண்டையில சுக்கு. சிரிச்சுக்கிட்டே கிள்ளுறா. அவளேதான். ஒன்பது போடு அண்ணா.”

இப்படி நான்கு நாளில் ஐந்து பேர் முடிந்தார்கள். மீதி இருந்தது பெரிய அத்தை.

பெரிய அத்தை யார் என்று தொடர் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காகவே தேய்ந்தவள். அதிர்ந்து பேசாதவள். அவள் பெயர்த் தேநீர் மேசைக்கு வரவிருந்த நாளுக்கு முந்தின மாலைத் தொடரில், தன் பெயரில் இருந்த வீட்டுப் பத்திரத்தைச் சின்ன மருமகளிடமே தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன சிரிப்பு? மனுஷியா அவ? தெய்வம்.”

“தெய்வமா! வீட்டைக் குடுத்துட்டு எல்லார் வாயையும் அடைச்சுட்டா பாத்தியா? இனிமே அவ எது சொன்னாலும் எவனும் எதிர்த்துப் பேச முடியாது. பெரிய நடிப்புக்காரி.”

“உனக்கு நல்லவங்களையே பிடிக்காது.”

“உனக்கு, விட்டுக் குடுக்கிறவங்கன்னா மட்டும் ரொம்பப் பிடிக்கும். உனக்குச் சௌகரியம்ல.”

அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. நான் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பெரிய அத்தைத் தேநீரை அவள் ஒரு வாய் எடுத்தாள். துப்பினாள். மறுபடி எடுத்தாள். மேலாளர் அன்று வெளியூர் போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

“மூணு.”

“மூணா? பத்துக்கா?”

“பட்டையில ஈரச் சாக்கு வாடை அடிக்குது. இத வெளிய விடாத. மூணு போடு.”

சீட்டில் மூன்று என்றும், பக்கத்தில் அவள் சொன்னதையும் எழுதினேன். மாலை நாலரைக்கு நல்ல தாளை எடுத்துக் கோடு போட்டேன். முந்தின மாலைச் சிரிப்பு காதில் கேட்டது. சண்டையை மனதில் வைத்துக்கொண்டு அத்தையைப் பழி வாங்குகிறாள் என்று தோன்றியது. அந்தத் தேயிலை டப்பாவைத் திறந்து நானே மோந்து பார்த்தேன். எனக்குப் பட்டை வாசனைதான் வந்தது. அண்ணன்தானே, கொஞ்சம் சரிசெய்து எழுதினால் என்ன என்று எட்டு போட்டேன். பக்கத்தில் ‘மென்மையான பட்டை மணம்’ என்றும் எழுதினேன். தங்கைக்காக. கையெழுத்து.

மூன்று வாரத்தில் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. மற்ற ஐந்தும் நன்றாகப் போயின. பெரிய அத்தையில் மட்டும் ஆயிரத்து இருநூறு பெட்டிகள் திரும்பின. ஒரு கடைக்காரர் எழுதியிருந்தார்: ‘மூடியைத் திறந்தால் மழையில் நனைந்த சாக்கு நாறுகிறது.’ கிடங்கில் போய்ப் பார்த்தார்கள். பட்டை மூட்டைகள் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே இருந்தன.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் என் தாள். என் அழகான எட்டு.

“எப்படிம்மா விட்ட? சோப்பு வாடையக் கண்டுபிடிச்ச மூக்கு இதுக்கு எங்க போச்சு? நீ எவ்வளவு மார்க் போட்ட?”

தங்கை தாளைப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் தெரியும். டிவி சேனல் மாற்றிப் பழகியவள். எட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“தாள்ல என்ன இருக்கோ, அதுதான் மேடம்” என்றாள்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து படித்த ஒருவர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கைக்குக் கிண்ணம் கழுவும் வேலை. அவருக்கு எழுதத் தெரிந்தாலும் உதவிக்கு என்று என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். என் ஸ்டூல் எனக்கு. அவள் நாற்காலிதான் போயிற்று.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. ஏழு மணிக்கு டிவி போடுவாள். பெரிய அத்தை வருவாள். வழக்கமாக, “வந்துட்டாங்கம்மா தியாகி” என்று தொடங்குவாள். இப்போது ஒன்றுமில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு முழு அரை மணி நேரமும் பார்ப்பாள். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

படித்தவர் வந்த பதினோராம் நாள், அவர் ஒரு மல்லிகைத் தேநீரைச் சுவைத்து, ஏழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தங்கை தட்டை ஏந்தி வந்து கிண்ணங்களை எடுத்தாள். அந்த ஒரு கிண்ணத்தை மட்டும் மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தது. வாயைத் திறந்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் மூடிக்கொண்டாள். கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்து, அடியில் கிடந்த தேநீரை ஊற்றிவிட்டு, நன்றாகக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இதில் நான் மறைத்தது இன்னொன்றும் உண்டு. கிறுக்கல் சீட்டுகளை அன்றன்றே கிழித்துப் போடுவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நான் கிழித்ததே இல்லை. மாதவாரியாக நூலில் கட்டி ஆறு வருடச் சீட்டுகளையும் என் அலமாரியில் வைத்திருந்தேன். அந்த மூன்றும், ‘ஈரச் சாக்கு, வெளிய விடாத’ என்பதும் என் கையெழுத்திலேயே இருந்தன. பதினோரு நாளும் ஆதாரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சீட்டை மேலாளர் முன் வைத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

“எதுக்கு மாத்தினீங்க?”

“அத்தைக்காக மேடம்.”

“எந்த அத்தை?”

“தொடர்ல வர்ற பெரிய அத்தை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “டிவி அத்தைக்கு மார்க் கொறைஞ்சுடக் கூடாதுன்னு சொந்தத் தங்கச்சியக் கவுத்துட்டீங்களா?”



அன்று மதியமே தங்கைக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பழைய இடம், பழைய மூட்டைகள். கூடவே ஒரு உத்தரவும் போட்டார்கள்: இனி சுவைப்பவர் எவராக இருந்தாலும் தாமே எழுதித் தாமே கையெழுத்திட வேண்டும். அவளுக்கு நாற்பது நாள் அவகாசம். அதற்குள் எழுதவில்லை என்றால் நாற்காலி படித்தவருக்கே.

வீட்டுக்கு வந்ததும், “நான் சொல்லித் தர்றேன். இன்னிக்கே ஆரம்பிப்போம்” என்றேன். ஸ்கேல், பென்சில், நோட்டு எல்லாம் வாங்கி வந்திருந்தேன்.

“வேணாம் அண்ணா.”

“கோவமா?”

“மூணை எட்டாக்குனதுக்குக் கோவம் இல்ல. சண்டைய வச்சு நான் மார்க் போடுவேன்னு நெனச்ச பாரு, அதுக்குத்தான்.” நோட்டை என் பக்கம் தள்ளினாள். “ஆறு வருஷம் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்த. ஒரு எழுத்து சொல்லிக் குடுத்திருக்கலாம்ல? எனக்கு எழுத வந்துட்டா உனக்கு அங்க வேலை இல்லன்னு உனக்குத் தெரியும்.”

சத்தியமாக நான் அப்படி நினைத்ததே இல்லை. நினைக்காமலே அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன், அன்று பையை மாட்டிக்கொண்ட மாதிரி.

அவள் லேபிள் ஒட்டும் பெண்ணிடம் போய்க் கற்றாள். சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம். அந்தப் பெண் அவளைவிடப் பத்து வயது இளையவள்; திட்டுவதில் கெட்டிக்காரி. கிடங்குச் சன்னல் வழியாக எனக்குக் கேட்கும். “அக்கா, இது எழுத்தா, மண்புழுவா? மறுபடி எழுது!” “ஏண்டி, உன்ன ஒரு நாள் என் மேசைக்குக் கூட்டிப்போய் உறிஞ்சச் சொல்றேன், அப்ப தெரியும்!” எழுதிப் பழக அவர்கள் எடுத்துக்கொண்டது, திரும்பி வந்த பெரிய அத்தைப் பெட்டிகளைப் பிரித்த அட்டைகளை. முன்பக்கம் அத்தை சாந்தமாகச் சிரிப்பாள். பின்பக்கம் என் தங்கையின் எழுத்துகள் தடுக்கி விழுந்து எழும். ஆயிரத்து இருநூறில் எண்ணூறுக்கு மேல் தீர்ந்துபோயின.

முப்பத்தெட்டாம் நாள் லேபிள் பெண் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். “ஸ்கேல் அண்ணா, வந்து ஒரு தாளப் பாருங்க. தொடாமப் பாருங்க.”

போனேன். புதுப் பட்டை போட்டுத் திரும்பச் செய்த பெரிய அத்தை. மதிப்பெண் ஏழு. பக்கத்தில், ‘பட்டை நல்லது. சாக்கு இல்லை.’ எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக இருந்தன.

“அத்தைக்கு ஏழுக்கு மேல தரமாட்டேன்” என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்தபடி. “கேட்டுக்க.”

சுவைத்தவர் கையொப்பம் என்ற கட்டத்தில், ஆறு வருடம் நான் ‘தங்கைக்காக’ என்று எழுதி வந்த இடத்தில், அவள் பெயர் இருந்தது. கடைசி எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வந்து நின்றது. ஸ்கேல் வைத்துச் சரிசெய்ய எனக்குக் கை வரவில்லை. அதன் கீழே தேதியையும் அவளே எழுதியிருந்தாள்: 22-8-2019, வியாழக்கிழமை.